ஆறு விநாடிக் கிளிக்கு 150 படம்

ஆசிரியருக்கு,

டிவி விளம்பரத்தில் நிஜ ஆட்களோடு கார்ட்டூன் உருவம் வந்தால் 'எல்லாம் கம்ப்யூட்டரே போட்டுவிடும்' என்கிறார்கள். சரி, பல இடங்களில் அப்படித்தான். ஆனால் கையால் வரைகிறவர்களும் இருக்கிறோம், சுவர் விளம்பரம் எழுதிப் பழகிய கை என்னுடையது.

போன வருஷம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை விளம்பரம். மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபம் பக்கம் நடந்து வரும் பெண்ணின் தோளில், மீனாட்சி கையில் இருப்பது போல ஒரு கிளி உட்கார வேண்டும். நம் டிவிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 அசையாப் படம், ஆறு விநாடிக்கு 150. ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் 75 படத்தில் முடியும்தான், ஆனால் கேமராவும் அந்தப் பெண்ணோடு நகர்ந்ததால் கிளி தோளில் நிற்காமல் வழுக்கியது. அப்புறம் என்ன, ஒவ்வொரு ஃபிரேமையும் பிரிண்ட் எடுத்து, அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் வைத்து, மேலே தாள் போட்டு 150-ஐயும் வரைந்தேன். அதைவிடப் பெரிய பாடு நிழல். வெயில் விழும் திசை பார்த்து, சேலை மடிப்புக்கு ஏற்ப நிழலும் வளைய வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தெரியும்.

அந்தப் பெண்ணோ கிளியை விட்டுவிட்டு எங்கோ பார்த்துச் சிரிக்கிறார்! ஷூட்டிங்கில் குச்சி நுனியில் ஒரு பந்தைக் கட்டித் தோளருகே காட்டியிருந்தால் பார்வை சரியாக விழுந்திருக்கும். அதைச் சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை, தாமதத்துக்கு மட்டும் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். விளம்பரம் எடுப்பவர்கள் இனியாவது கேமரா வைக்கும் முன்பே வரைகிறவரைக் கூப்பிடட்டும்.

ஓர் ஓவியர்,
செல்லூர், மதுரை.