காலனி மாதர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவி அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு 9 முறை கூடியது. உறுப்பினர்கள் 64 பேர். பொங்கலும் மகளிர் தினமும் எப்போதும்போல நடந்தன. நூலக அலமாரிக்குக் கரையான் மருந்து அடித்தாயிற்று. மற்றபடி இந்த வருடம் சங்கத்தின் நேரம், பணம், என் தூக்கம் எல்லாம் கைவினை வகுப்புக்குத்தான் போயின. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

போன வருடம் வரை நம் வகுப்பில் ரெக்கார்டு நோட்டுதான் பாடம். ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், மீன்முள் தையல், காஜா, பிரெஞ்சு முடிச்சு என்று ஒவ்வொன்றையும் கையகலத் துணியில் போட்டு, நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் பிள்ளைகள் கையில் ஒரு தடி நோட்டு இருக்கும். சென்ற பொதுக்குழுவில் ஒரு பெண் எழுந்து, "எல்லாத் தையலும் தெரியுமுங்க அக்கா. ஆனா ஒரு தலகாணி உறை எடுத்தா எதை எங்க போடறதுன்னு தெரியலீங்க" என்றாள். யாருக்கும் பதில் வரவில்லை. அந்த மௌனத்தில்தான் நோட்டை நிறுத்துவது என்று முடிவானது. இனி ஒவ்வொரு தையலையும் ஒரு பொருள் செய்தே கற்பது. அந்தப் பொருட்களை யோசித்து, முன்கூட்டியே செய்து பார்த்து, அளவும் செலவும் எழுதி வைக்க ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. எனக்கும் அதில் ஓர் இடம்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் அந்த வேலைதான். ஈரோட்டில் செவ்வாய்க்கிழமை கூடும் ஜவுளிச் சந்தைக்கு விடியற்காலையில் போய்க் காடா துணி, அதாவது தறியிலிருந்து இறங்கிய வெளுக்காத துணி, வாங்கி வந்தோம். விலையில் நமக்கு லாபம்தான். அவசரப்பட்டுத் துவைக்காமலே வெட்டி, மாதிரிக்கு நான்கு தோள்பைகள் தைத்து, சிவப்பு நூலில் பூ வேலையும் செய்தோம். பார்க்க அழகு. குழுவில் வயதில் மூத்த அக்கா ஒருவர், "இதைத் துவைச்சா என்னாகுமுங்க?" என்று கேட்டார். துவைத்தோம். பை சுருங்கியது, உள்துணி சுருங்கவில்லை. அடிப்பக்கம் தவளை வயிறுபோல உப்பிக்கொண்டது. சிவப்பு நூல் சாயம் விட்டு, பூவைச் சுற்றி ரோஸ் கலர் வட்டம்.

காடாவில் நெசவுக்காகப் பாவுக்கு, அதாவது நீளவாட்டு நூலுக்கு, போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். தறியில் இழுத்து நிறுத்திய நூல் தண்ணீரில்தான் தளரும். மீதித் துணியில் 1 மீட்டர் அளந்து நனைத்துக் காயவைத்தோம். பாவு வழியில் 6 சென்டிமீட்டர் குறைந்திருந்தது, குறுக்கே ஓடும் ஊடை வழியில் அதில் பாதிகூட இல்லை. அதனால் வகுப்பின் முதல் நாளில் இனி ஊசி கிடையாது, வாளிதான். துணியை இரவு முழுக்க ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரி.

சாய விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லுப்புத் தண்ணீரில் முக்கினால் சாயம் நிற்கும் என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். உப்பு உதவுவது சாயத் தொட்டியில்தான், நூல் சாயத்தை இழுக்கும்போது. சாயம் போட்டு முடித்து விற்பனைக்கு வந்த நூல் கழன்றால் உப்பு ஒன்றும் செய்யாது. சாயப் பட்டறைகள் சூழ்ந்த ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு இது நமக்குத் தெரியாமல் போனது கொஞ்சம் வெட்கம்தான். இப்போது புது நூலை ஈர வெள்ளைத் துணியில் வைத்து மேலே சூடான இஸ்திரியை அழுத்துகிறோம். துணியில் நிறம் பிடித்தால் அந்தக் கண்டு வகுப்புக்குள் வராது.

ஜூனில் வகுப்பு தொடங்கியது. புதன், சனி மதியம் 2 முதல் 4 வரை. சேர்ந்தவர்கள் 22, முடித்தவர்கள் 17. முதல் பொருள் ஊசி உறை. திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வாங்கிய பனியன் வேஸ்ட்டில் செய்யலாம் என்று நினைத்தோம். பனியன் துணி பின்னல் துணி. பூவேலைக்குத் துணியை இழுத்துப் பிடிக்கும் வட்டத்தில் மாட்டினால் இழுபடும், கழற்றினால் போட்ட தையலோடு சுருக்கம் விழும். அதை மிதியடி பின்னுவதற்கு ஒதுக்கிவிட்டு, உறையை நனைத்த காடாவின் துண்டுகளிலேயே முடித்தோம். ஓட்டுத் தையலும் காஜாவும் மட்டும்தான். ஒரு பொருளுக்கு இரண்டு தையலுக்கு மேல் வேண்டாம் என்பதை அங்கேதான் கற்றோம்.

இரண்டாவது பொருள், என் கணக்கில் இந்த வருடத்தின் உருப்படியான வேலை, கோலம் போட்ட மேஜை விரிப்பு. கடையில் விற்கும் பூக்கொத்து டிசைன்களைப் பிரதி எடுத்து அலுத்திருந்த நேரத்தில், தினமும் வாசலில் போடுவதை ஏன் துணியில் போடக் கூடாது என்று ஒரு மாணவிதான் கேட்டாள். கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் கட்டத்தை எண்ணிக் குறுக்குத் தையல் போட்டால் புள்ளிக்கோலம் அப்படியே உட்காரும் என்று எண்ணினோம். நேர்ப்புள்ளி உட்கார்ந்தது. இடைப்புள்ளி உட்காரவில்லை. மூன்று பேர் மூன்று நாள் பிரித்துப் பிரித்துப் போட்டார்கள். காரணம் சின்னது. புள்ளிக்குப் புள்ளி 5 கட்டம் தள்ளியிருந்தோம். அடுத்த வரிசையின் புள்ளி சரிபாதியில், இரண்டரையாவது கட்டத்தில் விழ வேண்டும். அரைக் கட்டத்தில் ஊசி எங்கே குத்துவது? 6 கட்டமாக மாற்றியதும் நடுப்புள்ளி 3-இல் வந்து நின்றது. இரட்டைப்படை எண்தான் வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சிக்குக் கோலம் மேட்டியில் வராது, வளைவு படிக்கட்டாகிவிடும். அதற்குச் சாதாரணப் பருத்தித் துணியில் சங்கிலித் தையல். ஒரே கோடு சுற்றிச் சுற்றித் தன்னையே வெட்டிக்கொண்டு போவதால், ஒவ்வொரு சந்திப்பிலும் சங்கிலிமேல் சங்கிலி ஏறி முண்டு முண்டாக நின்றது. சந்திப்பு வரும்போது சங்கிலியை முடித்து, நூலை அடிப்பக்கமாகக் கொண்டுபோய் மறுபுறம் தொடர வேண்டும். கடைசிக் கண்ணி முதல் கண்ணிக்குள் நுழைந்து வெளியேறினால் எங்கே தொடங்கினோம் என்பதே தெரியாது. ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுக்காதீர்கள் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. இருந்தும் எடுக்கிறார்கள், சிக்கல் விழுகிறது, பெயரே சிக்குக் கோலம்தானே அக்கா என்கிறார்கள்.

செப்டம்பரில் ஊட்டிக்கு ஒருநாள் பயணம். தோடர் பெண்களின் பூவேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தடித்த வெள்ளைப் பருத்தித் துணி, கருப்பும் சிவப்புமாக நூல். வரைபடம் இல்லை, கார்பன் இல்லை, வட்டமும் இல்லை. துணியின் இழையை விரலால் எண்ணியே போகிறார்கள். மேட்டித் துணியில் கட்டம் எண்ணவே திணறியவர்கள் நாங்கள், வாயடைத்துப்போய்ப் பார்த்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஒரு யோசனை கிளம்பியது. அந்தத் தோடர் டிசைன்களை நம் பைகளில் போட்டு கொலு கண்காட்சியில் விற்கலாமே என்று. செயற்குழுவில் இதற்குச் சூடான விவாதம். தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரில் நாம் விற்க முடியாது. பெயரைப் போடாமல் விற்றால் என்ன என்று சிலர் கேட்டார்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு போர்வைக்கு மாதக்கணக்கில் உட்காரும் பெண்களிடம் காபி குடித்துவிட்டு வந்து அவர்களுடைய டிசைனை நாம் விற்பது எனக்கு ஒப்பவில்லை. அப்படியே குறிப்பேட்டிலும் எழுதச் சொன்னேன். இழை எண்ணும் முறையைப் பயிற்சியாகக் கற்போம், விற்பதற்குக் கோலம் போதும் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் 2 பேர். அவர்களோடு இப்போதும் பேச்சுவார்த்தை உண்டு.

கண்காட்சியில் விரிப்புகள் நன்றாகப் போயின. தோள்பைதான் கண்ணைத் திறந்தது. 250 ரூபாய்க்கு விற்றோம். துணி 45, நூல் 60, ஜிப்பும் உள்துணியும் 40 போக மீதி 105. ஒரு பைக்குக் கைவேலை 14 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஏழரை ரூபாய். அதற்கும் வாங்க வந்தவர்கள், "இவ்வளவா?" என்றார்கள். விலையை ஏற்றலாம், ஆனால் நம் காலனியில் 600 ரூபாய்க்குத் துணிப்பை வாங்குவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆகவே பொருளை மாற்றினோம். பை முழுக்கப் பூ வேண்டாம், வெளிப் பாக்கெட்டில் மட்டும் ஒரு சின்னக் கோலம். வேலை 3 மணி நேரத்தில் முடிகிறது. மாதிரியோடு சேர்த்து ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை மணி நேரம் என்று எழுதுவது இப்போது கட்டாயம்.

கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலை பற்றி. பிள்ளைகளில் பெரும்பாலோர் சேர்ந்ததே அதற்காகத்தான் என்பதை மறைப்பதில் பயனில்லை. கல்யாண ஜாக்கெட்டில் காசு இருக்கிறது. அடிப்படைத் தையல் முடியாமல் ஆரி வேண்டாம் என்று பழைய ஆசிரியை நின்றார். முதல் மாதமே வேண்டும் என்று பிள்ளைகள் நின்றார்கள். கடைசி 6 வாரம் என்று முடித்து வைத்தோம். சங்கிலித் தையலைக் கோலத்தில் போட்டுப் பழகியவர்களுக்கு ஆரி ஊசி சீக்கிரம் கைக்கு வந்தது, ஏனென்றால் அதுவும் சங்கிலிதான். மேலே ஒரு கை ஊசியைக் குத்த, துணிக்கு அடியில் மறு கை நூலைக் கொடுக்கிறது. சிக்கல் துணியை இழுத்துக் கட்டும் மரச் சட்டத்தில் வந்தது. சிக்கனம் பார்த்துப் பச்சை மரத்தில் செய்யச் சொன்னது நான்தான். ஐப்பசி மழையில் நான்கில் இரண்டு முறுக்கிக்கொண்டன. துணி தொய்ந்தால் ஆரி ஊசியின் கொக்கி இழையைப் பிடித்துக் கிழிக்கும். அப்படி ஒரு மாணவி சொந்தக் காசில் வாங்கி வந்த பட்டுத் துணி பாழானது. அதற்கான தொகையைச் சங்கம் கொடுத்தது. செலவுப் பட்டியலில் 'இதர' என்ற தலைப்பில் இருப்பது அதுதான்.

அடுத்த வகுப்பு ஜூனில். வாளி, இஸ்திரிப்பெட்டி, காய்ந்த வேங்கை மரத்தில் 4 சட்டங்கள் ஆகியவற்றுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். வெட்டுக் கத்தரி இரண்டு காணவில்லை. யார் வீட்டிலாவது காகிதம் வெட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், கேள்வி கேட்க மாட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்