எல்லாருக்கும் இருப்பதுதானே என்று சொல்லும் மருத்துவர்களுக்கு

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மாவட்டந்தோறும் அமரும் மருத்துவக் குழுவினருக்கும், பெரியவர்களுக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர்களுக்கும் வணக்கம்.

"இதெல்லாம் எல்லாருக்கும் இருப்பதுதானே அம்மா" என்கிறீர்கள். தனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்ற ஐயத்தை நாற்பது வயதுக்கு மேல் சுமந்துகொண்டு ஒருவர் உங்கள் முன் வந்து உட்காருகிறார். மாதக்கணக்கில் தயங்கி, நோட்டில் எழுதி, எழுதியதை அடித்துத் திருத்திக் கொண்டுவந்து தன் பழக்கங்களைச் சொல்கிறார். கோப்பை மூடிக்கொண்டே நீங்கள் அந்த வாக்கியத்தைச் சொல்கிறீர்கள். எனக்கும் சொல்லப்பட்டது. "படித்திருக்கிறீர்கள், ஆசிரியர் வேலையில் இருக்கிறீர்கள், கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது, இதில் ஆட்டிசம் எங்கே வந்தது?" என்ற கேள்வியும் கூடவே வந்தது. சொன்னவர் யார், எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். என்னைப் போன்ற வேறு சிலரிடம் பேசிய பிறகு, அது ஒருவருடைய வாக்கியம் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

அதில் பாதி உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். சாம்பாரில் கறிவேப்பிலையை ஒதுக்குகிறவர், பஸ்ஸில் ஜன்னலோரம் தேடுகிறவர், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிறவர் எல்லாருக்கும் ஆட்டிசம் என்றால் தமிழ்நாட்டில் மிச்சம் ஆள் இருக்காது. கைபேசியில் அரை நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்களால் நீங்கள் அலுத்துப்போயிருப்பீர்கள். அந்தக் காணொளிகள் எனக்கும் எரிச்சல் தருகின்றன. ஒரு பழக்கத்தை மட்டும் பிய்த்தெடுத்து மேசைமேல் வைத்தால் அது யாருடையதாகவும் இருக்கலாம். அது எந்த வயதிலிருந்து இருக்கிறது, வீடு, பள்ளி, உறவு என எல்லா இடத்திலும் இருக்கிறதா, அதைத் தடுத்தால் அந்த மனிதருக்கு என்ன ஆகிறது, அதை வெளியே தெரியாமல் வைத்திருக்க அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று கேட்டால்தான் வேறுபாடு பிடிபடும். நீங்கள் அதைக் கேட்பதில்லை. என் புகார் அவ்வளவுதான்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது தொலைபேசியில் பேசவேண்டுமானால், பேசப்போவதை முதலில் தாளில் எழுதிக்கொள்வேன். எரிவாயு சிலிண்டர் வரவில்லை என்று கேட்பதானாலும் எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாத கேள்வி ஒன்று மறுமுனையிலிருந்து வந்துவிட்டால் வாய் அடைத்துப்போகும். இலையில் ரசம் ஓடிவந்து பொரியலைத் தொட்டுவிட்டால் அந்தப் பொரியலை என்னால் தொட முடியாது. பட்டுப்புடவையின் ஜரிகை கழுத்தில் உரசும் இடம் நாள் முழுவதும் என் மூளைக்குள்ளேயே உரசிக்கொண்டிருக்கும். அதனால் கல்யாண வீட்டுக்கும் கைத்தறிப் பருத்தியில் போய்க் கஞ்சப் பட்டம் வாங்கியிருக்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் தொடங்குமுன் சமையற்கூடத்தின் பின்பக்கம் போய்விடுவேன். மாப்பிள்ளையின் அக்காவாக நின்ற கல்யாணத்திலும் அப்படித்தான் போனேன். அதை உறவில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை. "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று யாராவது சொன்னால் எந்த நாள் என்று கேட்டுவிடுவேன்.

மாடிப்படிகளை எண்ணுவேன், தரையோடுகளை எண்ணுவேன். இதைச் சொன்னதும் முன்பு ஒரு மருத்துவர் எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) என்று எழுதி மாத்திரை கொடுத்தார். எண்ணாவிட்டால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்ற பயத்தில் எண்ணுகிறவருக்கு அது பொருந்தும். எனக்கு எண்ணுவது சுகம். பகல் முழுவதும் மனிதர்களோடு மல்லுக்கு நின்ற பிறகு பதினேழு படிகள் இன்றும் பதினேழாகவே இருப்பதில் ஒரு நிம்மதி. பயமா, சுகமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மாத்திரை மிச்சமாகியிருக்கும்.

இத்தனை காலம் இதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லையா என்பீர்கள். நன்றாகக் கவனித்தார்கள். கவனித்துப் பாராட்டினார்கள். கண்ணைப் பார்க்காத குழந்தையைப் பற்றி உங்கள் பாடநூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. எங்கள் தெருவிலோ பெரியவர்களின் முகம் பார்த்துப் பேசாத பெண் அடக்கமானவள். விருந்தாளி வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறவளுக்குக் கூச்ச சுபாவம். சமூக அறிவியல் புத்தகத்தைப் பக்க எண்ணோடு ஒப்பிப்பவள் கெட்டிக்காரி. தினமும் ஒரே வரிசையில் ஒரே வேலைகளைச் செய்கிறவள் ஒழுங்கான பிள்ளை. அந்த வரிசை கலைந்தால் அவள் சுவரில் சாய்ந்து மணிக்கணக்காக அழுவதை மட்டும் பிடிவாதம் என்று தனிக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். இரண்டும் ஒரே கணக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

கோலத்தைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளி நாட்களில் நோட்டு நோட்டாகப் புள்ளிக்கோலம் வரைந்தேன். நேர்ப்புள்ளி தனி, இடுக்குப்புள்ளி தனி, எத்தனை புள்ளியில் தொடங்கி எத்தனையில் முடிகிறது, ஒரே கோட்டில் போட முடிகிறதா, இரண்டு கோடு வேண்டுமா என்று அட்டவணை போட்டு வைத்திருந்தேன். வேறு எதைப் பற்றியும் பேச மாட்டேன். இதைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். ஒரு பையன் ரயில் கால அட்டவணைகளை அப்படிச் சேர்த்திருந்தால் யாராவது ஒரு மருத்துவரிடம் காட்டியிருப்பார்கள். எனக்கு மார்கழிப் போட்டியில் எவர்சில்வர் தூக்கு கிடைத்தது. இன்றைக்கும் கூட்டங்களில் தாலிச் சங்கிலியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பேன். அதையே ஒரு சிறுவன் கயிற்றை வைத்துக்கொண்டு உங்கள் அறையில் செய்தால் படிவத்தில் குறித்துக்கொள்வீர்கள்.

கல்யாணத்தைக் காட்டி மறுப்பதுதான் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. எங்கள் வீட்டில் ஜாதகங்கள் பேசின, தரகர் பேசினார், அத்தை பேசினார். நான் பேசவேண்டிய கட்டமே வரவில்லை. வாய்த்தவர் நல்லவராக இருந்தது என் அதிர்ஷ்டம். என் சமூகத் திறமைக்கு அதில் பங்கில்லை.

ஆசிரியர் வேலையும் அப்படித்தான். வகுப்பறையில் பேசுவதில் எனக்குச் சிரமமே இல்லை. மணி அடித்தால் தொடங்கி மணி அடித்தால் முடிகிறது. பேசவேண்டியது பாடத்திட்டத்தில் இருக்கிறது. யார் பேசவேண்டும், யார் கேட்கவேண்டும் என்பதில் குழப்பமில்லை. கணிதத்தில் யாரும் உள்ளர்த்தம் வைத்துப் பேசுவதில்லை. ஆசிரியர் ஓய்வறைதான் என்னை அச்சுறுத்துகிறது. யாருடைய நாற்காலி எது, எந்தச் சிரிப்பு நட்பு, எந்தச் சிரிப்பு குத்தல், எப்போது எழுந்து போனால் மரியாதைக் குறைவு ஆகாது என்பதையெல்லாம் மற்றவர்கள் எங்கே படித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன். ஒருவர் பேசும்போது புருவங்களுக்கு நடுவே பார்த்தால் கண்ணைப் பார்ப்பதுபோல் தெரியும் என்பதைக் கல்லூரியில் கற்றுக்கொண்டேன். உங்கள் அறையிலும் அதைத்தான் செய்தேன். "கண்ணைப் பார்த்து நன்றாகப் பேசுகிறார்" என்று நீங்கள் எழுதினீர்கள்.

அப்படி நன்றாகப் பேசிவிட்டு வீடு திரும்பினால் மாலை முழுவதும் எனக்குப் பேச்சு வராது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பேன். பள்ளி ஆண்டு விழா முடிந்த வாரத்தில் குளிக்கவும் சாப்பிடவும் பிறர் நினைவூட்ட வேண்டியிருக்கும். இதற்கு மனச்சோர்வு என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் மருந்து தரப்பட்டது. இதைப் பார்த்திருப்பவர் என் கணவர். அவர் உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், உள்ளே கூப்பிடவில்லை.

இனி உங்கள் அளவுகோலுக்கு வருகிறேன். செகந்தராபாத்தில் உள்ள மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் உருவாக்கி 2009-இல் வெளியான இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதை வைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை அது பெரிய உதவி. என் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு அதன் வழியாகத்தான் சான்றிதழ் கிடைத்தது. அந்தப் படிவத்தைச் சிறப்பாசிரியருடன் சேர்ந்து நிரப்பியபோதுதான் என் சந்தேகமும் பிறந்தது. ஆனால் தனியே விளையாடுகிறாரா, வந்த பேச்சு நின்றுபோனதா, கத்திப் புரண்டு அடம்பிடிக்கிறாரா என்றெல்லாம் கேட்கிற அளவுகோலை நாற்பது வயதுக்காரியிடம் அப்படியே வைத்தால் என்ன கிடைக்கும்? அடம்பிடித்ததை ஐந்து வயதில் அடித்து நிறுத்திவிட்டார்கள். புன்னகையைக் கண்ணாடி முன் பழகிக்கொண்டேன். எத்தனை முறை நிகழ்கிறது என்று கேட்டால், வெளியே எப்போதாவது என்பதுதான் நேர்மையான பதில். அதை அடக்க எத்தனை முறை முயல்கிறாய் என்று கேட்டால் பதில் எப்போதும்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அசாதாரண முயற்சியால் பல சூழல்களில் போதிய அளவு இயங்கும் ஆட்டிசம் உள்ளவர்கள் உண்டு, அவர்களின் சிரமங்கள் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், அப்போதும் ஆட்டிசம் என்று கண்டறிவது பொருந்தும் என்று அது சொல்கிறது. மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடும் அறிகுறிகள் இன்று இல்லாவிட்டாலும் முன்பு இருந்தவற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கற்றுக்கொண்ட உத்திகள் பிற்காலத்தில் அவற்றை மறைக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. இரண்டும் உங்கள் அலமாரியில் இருக்கும்.

வேலை பார்க்கிறவருக்கு ஆட்டிசம் இருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தை விவரித்து 1943-இல் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள். எட்டுச் சிறுவர்கள், மூன்று சிறுமிகள். அதில் முதல் குழந்தை, மிசிசிப்பி மாநிலத்து டொனால்ட் டிரிப்லெட். அவர் கல்லூரியில் பட்டம் பெற்றார், சொந்த ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகச் சுற்றினார். 2023-இல் 89 வயதில் காலமானார். ஆட்டிசம் என்று உலகம் முதன்முதலில் எழுதிவைத்த ஆளே உங்கள் குழுவின் முன் வந்திருந்தால் வங்கி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்பிவைத்திருப்பீர்கள்.

எனக்குத் தனியாரிடம் மதிப்பீடு செய்த உளவியலாளர் வேறு விதமாக நடந்தார். அம்மா உயிரோடு இல்லை, அப்பாவுக்கு நினைவு தப்புகிறது என்றதும் என் அக்காவிடம் பேசினார். பழைய மதிப்பெண் அட்டைகளைக் கேட்டார். "யாருடனும் பழகுவதில்லை" என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் படித்தார். கோல நோட்டைப் புரட்டினார். ஒரு பழக்கத்தைச் சொன்னால் அதைச் செய்ய முடியாத நாள் எப்படி இருக்கும் என்று கேட்டார். இதற்கெல்லாம் நேரமும் பணமும் வேண்டும். அரசு மருத்துவமனையில் உங்கள் அறைக்கு வெளியே நிற்கும் வரிசையை நானும் பார்த்தேன். ஆனால் வந்தவரின் வீட்டு ஆளை உள்ளே அழைத்து, "இவர் வீட்டில் எப்படி?" என்று கேட்க அதிக நேரம் ஆகாது. சிறுவயதைச் சொல்லப் பெற்றோர் இல்லையென்றால் அக்காவோ பள்ளித் தோழியோ எழுதிய கடிதத்தை ஏற்கலாம். இன்று முடிவு சொல்ல முடியாவிட்டால், பெரியவர்களை மதிப்பிடப் பழகிய மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பிவிட்டு வேறொரு நாள் குறிக்கலாம்.

எனக்கு இடஒதுக்கீடு வேண்டாம், வேலை இருக்கிறது. ஓய்வறைக்குப் பதில் நூலகத்தில் உட்கார அனுமதி வேண்டும், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் பணியிலிருந்து விலக்கு வேண்டும், வாய்மொழி உத்தரவை எழுத்தில் தரவேண்டும். கேட்டால் தலைமை ஆசிரியர் சான்றிதழ் எங்கே என்கிறார். நியாயமாகத்தான் கேட்கிறார்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமாவது இருக்கவேண்டும் என்ற எல்லை இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான். பணியிடத்தில் தகுந்த வசதி கேட்பதற்கு அந்த எல்லையைக் கடக்கவேண்டியதில்லை. எழுதுவதில் சிரமம் இருந்த ஒரு குடிமைப் பணித் தேர்வர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆகவே "ஆட்டிசம் இல்லை" என்று எழுதுவதற்கும் "ஆட்டிசம் உண்டு, 40 சதவீதத்துக்குக் குறைவு" என்று எழுதுவதற்கும் எங்கள் வாழ்க்கையில் பெரிய தூரம் இருக்கிறது. சதவீதத்தை நீங்கள் எவ்வளவு குறைத்துப் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கென்று அடையாள அட்டையில் வெள்ளை நிறம் ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்களில் தகுதியானவர்களுக்கு அதையாவது எழுதிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கணித ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்