வில்லெம்ஸ்டாட் துறையில் கப்பல் மாலை வரை நிற்க வேண்டும்

ஐரோப்பிய ஆறுகளில் தமிழ்ப் பயணிகளுக்குக் கப்பற் சுற்றுலா ஏற்பாடு செய்யும் பயண முகவர்களுக்கும், அவர்களுக்குக் கப்பலையும் பயணத் திட்டத்தையும் வழங்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வசந்தகாலப் பயணத்தின்போது நெதர்லாந்தின் வில்லெம்ஸ்டாட் துறையில் முழுநாளும் நிற்க வேண்டிய கப்பல் நண்பகலுக்கு முன்பே கிளம்பிவிட்டதை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. அந்தக் கப்பலில் வந்த பயணிகள் பலர் கையெழுத்திட்ட முறைப்பாடு ஏற்கெனவே உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு நீங்கள் அனுப்பிய பதிலில், தரிப்பு நேரங்கள் மாறக்கூடும் என்ற ஒப்பந்த விதி ஒன்று எடுத்துக் காட்டப்பட்டிருந்ததே தவிர, முறைப்பாட்டில் கேட்ட எதற்கும் விடை இருக்கவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எங்கள் கோரிக்கை எளியது. வில்லெம்ஸ்டாட்டின் பெயரைப் பயணத் திட்டத்தில் போடுவதானால், காலையில் அங்கே வந்து சேரும் கப்பல் மாலை வரை அங்கேயே நிற்க வேண்டும்.

நீங்கள் விற்கும் ஊர் எத்தகையது என்பதை உங்கள் விளம்பரத் தாளைத் தயாரித்தவர் அறிந்திருந்தாரா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது. அந்தத் தாளில் வில்லெம்ஸ்டாட் என்ற பெயருக்கு மேலே இருந்த வண்ண வண்ண வீடுகளின் படம், கரீபியன் கடலில் குராசோ தீவின் தலைநகராக இருக்கும் வேறொரு வில்லெம்ஸ்டாட்டின் படம். நாங்கள் போன வில்லெம்ஸ்டாட், வட பிரபந்த் மாகாணத்தில், ஹாலண்ட்ஸ் டீப் என்னும் அகன்ற நீர்ப்பரப்பின் தென்கரையில் இருக்கும் சிற்றூர். கடலிடமிருந்து மீட்ட நிலத்தில் எழுந்த ரைகன்ஹில் என்ற கிராமத்தை, ஸ்பானியப் படைகளுக்கு எதிரான போரின் நடுவே, 1583இல் ஒராஞ் இளவரசர் வில்லெம் அரண் செய்வித்தார். மறு ஆண்டே அவர் டெல்ஃப்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் அவர் பெயரைப் பெற்றது. ஏழு முனைகள் கொண்ட விண்மீன் வடிவில் மண்மதிலும், அதைச் சுற்றி நீர் நிறைந்த அகழியும், உள்ளே வந்து முடியும் சிறு துறைமுகமும் இன்றும் ஏறக்குறைய முழுமையாக இருக்கின்றன. துறைமுகத்தருகே 1734இல் கட்டிய வெள்ளைக் காற்றாலை நிற்கிறது. அங்கிருந்து லிண்டன் மரங்கள் வரிசையாக நிற்கும் தெரு ஒன்று, 1607இல் கட்டி முடிக்கப்பட்ட எண்கோண வடிவத் தேவாலயத்துக்கு இட்டுச் செல்கிறது. நெதர்லாந்தில் புரட்டஸ்தாந்து வழிபாட்டுக்கென்றே முதன்முதலாகக் கட்டப்பட்ட தேவாலயம் அதுதான். வில்லெமின் மகன் மவுரிட்ஸ், வட்டமாகவோ எண்கோணமாகவோ கட்டினால்தான் பணம் தருவேன் என்று நிபந்தனை விதித்ததாக வரலாறு சொல்கிறது.

மதிலின் ஏழு முனைகளிலும் துருத்தி நிற்கும் கொத்தளங்களுக்கு, ஒன்றிணைந்து ஸ்பெயினை எதிர்த்த ஏழு மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன: ஹாலந்து, சீலாந்து, உட்ரெக்ட், கெல்டர்லாந்து, ஃப்ரீஸ்லாந்து, ஓவரைசல், குரோனிங்கன். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இந்தப் பெயர்களில் முதல் ஐந்து புதியவையாக இருக்க முடியாது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், 1680 தொடக்கம் அந்தக் கோட்டையை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டியபோது, அதன் ஐந்து கொத்தளங்களுக்கும் அதே ஐந்து மாகாணங்களின் பெயர்களையே இட்டார்கள். வில்லெம்ஸ்டாட்டில் மண்ணும் புல்லும். யாழ்ப்பாணத்தில் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். கட்டிய முறையும் கணக்கும் ஒன்றே. மதிலின் அடியில் எந்த இடமும் பார்வைக்குத் தப்பாதபடி ஒரு கொத்தளத்தின் பீரங்கி அடுத்த கொத்தளத்தின் பக்கத்தைக் காக்கும். 1990இல் அந்த யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக்குள் சிக்கியதையும், உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் போரில் அழிந்ததையும் நம்மில் பலர் கண்ணால் கண்டவர்கள். தாயகத்தில் சிதைந்துபோன ஒன்றின் மூல வடிவத்தை, அது பிறந்த நாட்டில், முழுமையாக, அதன் மேலேயே நடந்து பார்க்கலாம் என்பதற்காகவே எங்கள் குழுவிலிருந்த முதியவர்கள் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டினார்கள். இதை முன்பதிவு செய்த நாளிலேயே உங்கள் அலுவலகத்தில் சொல்லியிருந்தோம். நல்ல தெரிவு என்று பாராட்டவும் செய்தீர்கள்.

என் பெரியப்பா எண்பதைக் கடந்தவர். யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்து, ஊன்றுகோலோடு நடப்பவர். புறப்படுவதற்கு முன்பே வில்லெம்ஸ்டாட்டின் வரைபடத்தில் ஏழு கொத்தளங்களின் பெயர்களையும் தமது கையால் குறித்து வைத்திருந்தார். கோட்டையை முழுதாகச் சுற்றிவர ஓர் இளைஞருக்கு முக்கால் மணி நேரம் போதும். தமக்கு மூன்று மணி நேரமாவது தேவைப்படும் என்று கணக்கிட்டு, இடையில் எங்கே உட்காரலாம் என்பதையும் யோசித்திருந்தார். திட்டத்தில் அன்று முழுவதும் வில்லெம்ஸ்டாட் என்றுதான் அச்சிட்டிருந்தீர்கள்.

முதல் நாள் இரவு அறைக்கதவின் கீழ் ஒரு தாளைச் செருகிவிட்டுப் போனார்கள். கப்பல் நண்பகலுக்கு முன்பே புறப்பட்டுவிடும் என்றும், கடல் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய டெல்டா அணைகளைப் பார்க்கச் செல்வோரைப் பேருந்துகள் வேறொரு துறையில் கொண்டுவந்து சேர்க்கும் என்றும், மற்றவர்கள் ஊரில் ‘ஓய்வாக உலாவலாம்’ என்றும் அதில் இருந்தது. காலையில் எங்கள் கப்பலுக்கும் துறைக்கும் நடுவே இன்னொரு கப்பல் கட்டப்பட்டிருந்தது. இடப் பற்றாக்குறையால் ஆற்றுக் கப்பல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டுவது வழக்கம் என்பதை நான் அறிவேன். அதில் எனக்குக் குறையில்லை. இரண்டு கப்பல்களின் வரவேற்புக் கூடக் கதவுகளும் நேருக்கு நேர் அமைந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சமதளமாகவே நடந்துவிடலாம். அன்று அப்படி அமையவில்லை. மேல்தளத்துக்கு ஏறி, அடுத்த கப்பலின் மேல்தளத்துக்குக் கடந்து, அதன் படிகளில் இறங்கி, பிறகு இறங்குபாலத்தால் கரைக்குப் போக வேண்டும். கப்பலின் மின்தூக்கி மேல்தளம் வரை போவதில்லை. பேருந்தில் செல்வோர் முதலில் கடக்கட்டும், மற்றவர்கள் கூடத்தில் காத்திருக்கவும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரைப் பார்ப்பதற்காகவே வந்தவர்கள், ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் முறை வந்தபோது பெரியப்பா இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக ஏறினார். உதவிக்கு நின்ற பணியாளர் ஒருவரே. அவர் இளைஞர், பணிவானவர், இன்னும் பலருக்கும் கை கொடுக்க வேண்டியவர். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கரையில் கால் வைத்ததும் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டோம். அரை மணி நேரத்தில் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும் என்றார்கள். வந்த வழியே திரும்பி ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்பது பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது. காற்றாலை வரை நடந்தார். அங்கிருந்த இருக்கையில் உட்கார்ந்து, கையிலிருந்த வரைபடத்தைத் திருப்பி வைத்து, எது எந்தப் பக்கம் என்று பார்த்தார். பின்னர் எழுந்து, போகலாம் என்றார். ஒரு கொத்தளத்தின் மீதும் அவர் ஏறவில்லை. தேவாலயத்தின் கூரையைக்கூட அருகிலிருந்து பார்க்கவில்லை. அவர் எவரிடமும் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. கூறாதவர் என்பதாலேயே அவருக்காக நான் கூற வேண்டியிருக்கிறது. அவரைப் போலவே கூடத்தில் காத்திருந்தவர்களில் மூவர், படிகளைப் பார்த்துவிட்டுக் கரைக்கே போகாமல் இருந்துவிட்டார்கள். அவர்களும் முழுக் கட்டணம் கட்டியவர்கள்.

டெல்டா அணைகளைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1953 வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த நாடு செய்த வேலையைப் பார்ப்பதே ஒரு கல்வி. 1986இல் திறந்துவைக்கப்பட்ட கிழக்கு ஸ்கெல்ட் தடுப்பணை, ஒன்பது கிலோமீட்டர் நீளமும் 62 இரும்புக் கதவுகளும் கொண்டது. அதைப் பார்க்க விரும்புவோர் தாராளமாகப் போகட்டும். ஆனால் அவர்களைப் பேருந்தில் அனுப்புவதற்காகக் கப்பலையும் ஏன் கிளப்ப வேண்டும்? பேருந்து வில்லெம்ஸ்டாட்டுக்கே திரும்பி வரலாமே. வில்லெம்ஸ்டாட்டுக்கு அருகிலேயே இருக்கும் வோல்கெராக் மதகுகளும் அதே டெல்டா திட்டத்தின் பகுதிதான். சரக்குப் படகுகள் ஓயாமல் கடந்துபோகும் இடம் அது. தொலைவுப் பயணம் முடியாத முதியவர்களுக்கு அதையாவது காட்டியிருக்கலாம். நேரத்தையும் எரிபொருளையும் சேமித்து, அடுத்த துறையை முன்கூட்டியே பிடிப்பதுதான் காரணம் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். எங்கள் வசதிக்காகவே செய்ததாக எழுதாதீர்கள்.

அந்த மண்மதில்களில் நடக்காதவர்களுக்கு இன்னொன்றும் தெரியாமல் போகிறது. 1793இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை முற்றுகையிட்டும் இந்தச் சிற்றூரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிய காங்கிரீட்டுப் பதுங்கு அறைகள் அதே மதிலின் மேல் இன்னும் இருக்கின்றன. 1940 மே 30ஆம் நாள், பெல்ஜியப் போர்க் கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பலொன்று இந்த ஊருக்கு அருகே கண்ணிவெடியில் மோதியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவிடம் அங்கே இருக்கிறது. கைதியாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்டு, ஊர் போய்ச் சேராமல் தண்ணீரில் மடிந்தவர்களின் முன்னால் நின்று ஒரு நிமிடம் தலைகுனிய, போரிலிருந்து வந்த எங்கள் முதியவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு நிமிடமும் உங்கள் திட்டத்தில் இல்லை.

இது வில்லெம்ஸ்டாட்டோடு நிற்கும் குறையாக இருந்திருந்தால் ஒரு தனிக் கடிதத்தோடு விட்டிருப்பேன். தமிழர்களுக்கு விற்கப்படும் குழுப் பயணங்கள் பெரும்பாலும் எத்தனை நாடு, எத்தனை நகரம் என்ற எண்ணிக்கையில்தான் விற்கப்படுகின்றன. பட்டியல் நீள நீள ஒவ்வோர் ஊருக்கும் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. இறங்கு, படம் எடு, ஏறு என்ற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிகிறவர்களை மனத்தில் வைத்தே கால அட்டவணை போடுகிறீர்கள். ஆனால் இந்தப் பயணங்களுக்கு வருவோரில் பெரும்பகுதியினர், வாழ்நாள் முழுவதும் உழைத்துப் பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு, கால் ஓய்ந்த பிறகே முதன்முறையாகத் தங்களுக்கென்று ஓர் ஊரைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள். பிள்ளைகள் சேர்ந்து பணம் போட்டு அனுப்புகிறார்கள். இவர்களை உங்கள் விளம்பரப் படங்களில் புன்னகையோடு முன்னால் நிறுத்துகிறீர்கள். துறையில் கடைசியாக இறக்குகிறீர்கள். முன்பதிவுப் படிவத்தில் நடக்கச் சிரமம் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. உண்டு என்று நாங்கள் எழுதினோம். அந்த விடையை எவராவது படித்தாரா? படித்தவர் அதைக் கப்பலுக்குத் தெரிவித்தாரா? இந்த ஒரு கேள்விக்காவது நேர்மையான பதில் எனக்கு வேண்டும்.

கோபத்தில் சொற்கள் சற்று நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு பகைத்துக்கொள்ள இதை எழுதவில்லை. எங்கள் மொழியில் பேசி, எங்கள் உணவைக் கப்பலிலும் கிடைக்கச் செய்து, தனியே போகத் துணியாத முதியவர்களை வெளியே கூட்டிவரும் வேலையை நீங்கள்தான் செய்கிறீர்கள். அது தொடர வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: வில்லெம்ஸ்டாட்டில் கப்பல் மாலை வரை நிற்கட்டும். துறையில் இடம் கேட்கும்போதே கரையை ஒட்டிய இடத்தைக் கேளுங்கள். அது கிடைக்காத நாளில் நடக்கச் சிரமப்படுவோரை முதலில் இறக்குங்கள். கொத்தளங்களின் பெயர்களோடு ஊரின் வரைபடம் ஒன்றைத் தமிழில் அச்சிட்டு முதல் நாளே கையில் கொடுங்கள். அதற்கான வரைபடத்தைப் பெரியப்பாவே வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவற்றில் எதுவும் இயலாது என்றால், வில்லெம்ஸ்டாட்டின் பெயரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பார்க்க முடியாத ஊருக்கு யாரும் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்த வசந்தகாலப் பயணங்களுக்கான விளம்பரம் வெளிவருவதற்கு முன்பாக உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். முறைப்பாட்டில் கையெழுத்திட்ட எல்லோருக்கும் அதன் பிரதியை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தக் கப்பலில் பெரியப்பாவோடு வந்த பயணி