செவலை பிழைத்தான்: எங்கள் தெருவாருக்கு ஒரு நன்றி மடல்

உறையூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அனைவருக்கும், அன்றிரவு எங்களுக்காகக் கண்விழித்த கால்நடை மருத்துவருக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, லட்டுக்காக வாங்கிய கால் கிலோ உலர்திராட்சைப் பொட்டலத்தை அடுப்படி முக்காலியின் மேல் வைத்துவிட்டு நான் பூந்தி தேய்த்துக்கொண்டிருந்த வேளையில், எங்கள் நாய் செவலை அதைக் கவ்விக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டான். எதிர்வீட்டுச் சிறுமி பலகாரத் தட்டோடு வந்திராவிட்டால் அதை நான் கவனித்தே இருக்கமாட்டேன். கிழிந்த உறையையும், அவன் மீசையில் ஒட்டியிருந்த திராட்சைத் தோலையும் கண்டவள், தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, நாய்க்குத் திராட்சை ஆகாது, சிறுநீரகம் கெட்டுவிடும்" என்றாள். எங்கோ படித்ததை நினைவில் வைத்திருந்த அந்த ஏழாம் வகுப்புக் குழந்தைக்கே என் முதல் நன்றி. பாயசத்திலும் கேசரியிலும் நாம் போடும் பொருள் ஒரு நாயைக் கொல்லக்கூடும் என்பது அந்த நொடி வரை எனக்குத் தெரியாது.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் பதறாமல் மூன்று செய்திகளைச் சொன்னார். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது தனிக் கேடு. உறையைக் கையோடு கொண்டுவர வேண்டும். எவ்வளவு தின்றான் என்று கணக்குத் தெரிந்தால் நல்லது. முனைக் கடைக்காரர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு மிச்சத்தை எடைபோட்டுக் கொடுத்தார். 160 கிராம் இருந்தது. அப்படியானால் 14 கிலோ எடையுள்ள செவலையின் வயிற்றில் ஏறத்தாழ 90 கிராம். எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றும், சிறிதளவே தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்ததுண்டு என்றும் மருத்துவர் பிறகு விளக்கினார்.

தெப்பக்குளம் பக்கம் பண்டிகைக் கூட்டத்தில் வண்டிகள் நகராது என்பதறிந்து, சந்து சந்தாக ஓட்டி, ஒரு மணி நேரத்துக்குள் எங்களைச் சேர்ப்பித்த ஆட்டோ அண்ணன், வாடகையும் வாங்க மறுத்துவிட்டார். அங்கே ஊசி போட்ட சில நிமிடங்களில் செவலை வாந்தியெடுத்தான். உப்பிப்போன திராட்சைகளை மருத்துவர் செய்தித்தாளின் மேல் குச்சியால் விலக்கி விலக்கி எண்ணியதை நான் மறக்கமாட்டேன். பிறகு கரித்தூள் மருந்து, இரண்டு நாள் குளுக்கோஸ், மூன்று நாள் தொடர்ந்து, சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவுக்கான இரத்தப் பரிசோதனை. சிறுநீரகப் பாதிப்பு உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும் என்பதால், நாய் வாலாட்டுகிறதே என்று நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள் என்று அவர் சொன்னதை, நாய் வளர்க்கும் எல்லோருக்கும் இங்கே பதிவு செய்கிறேன்.

தீபாவளியன்று முன்னங்காலில் ஊசிக்குழாய்க் கட்டோடு அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, வெடிச்சத்தத்தில் மிரண்டு கட்டைப் பிய்த்துவிடுவானோ என்பதே என் அச்சமாக இருந்தது. மனிதர் செவிக்கு எட்டாத நுண்ணொலிகளையும் நாய்கள் கேட்கும். நமக்கே காது அடைக்கும் வெடி அவற்றுக்கு என்னவாக இருக்கும்! நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனாலும் தெருப் பிள்ளைகள் தாங்களாகவே சரவெடிகளையும் லட்சுமி வெடிகளையும் தெருக்கோடி மைதானத்துக்கு எடுத்துச் சென்று, அரசு அனுமதித்த இரவு 7 முதல் 8 மணிக்குள் வெடித்து முடித்தார்கள். எங்கள் வாசலில் கம்பி மத்தாப்பு மட்டுமே எரிந்தது. மாடிவீட்டு அக்கா நடு அறையின் சன்னல்களுக்குக் கனத்த போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, எட்டு மணி வரை அவன் அருகில் அமர்ந்திருந்தார். மறுநாள் விடியுமுன்னரே, வெடிக் காகிதத்தையும் மருந்துத் தூளையும் பூனைகளும் தெருநாய்களும் நக்கிவிடக் கூடாது என்று தூய்மைப் பணியாளர்களோடு சேர்ந்து கூட்டி அள்ளிய இளைஞர்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

மூன்று பரிசோதனைகளிலும் அளவு ஏறவில்லை. செவலை இப்போது மோர்ச்சோறு தின்கிறான். மழித்த இடத்தில் முடி அரும்பத் தொடங்கியிருக்கிறது. முக்காலி பரணுக்குப் போய்விட்டது. உலர்திராட்சை இனி மூடிபோட்ட டப்பாவில், மேல்தட்டில் இருக்கும். வரும் திங்கட்கிழமை கடைசி இரத்தப் பரிசோதனை இருக்கிறது. நாள்தோறும் பள்ளி விட்டு வந்ததும் எங்கள் வாசலில் நின்று அவனைப் பற்றிக் கேட்கும் எதிர்வீட்டுச் சிறுமியிடமே அதன் முடிவை முதலில் சொல்வேன்.

நன்றியுடன்,
செவலையின் வீட்டார்