கோலில் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு நன்றி மடல்

எங்கள் கரையின் அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஜூலை 31-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்த நன்றியில் பாதி இப்போது ஆழ்கடலில் இருக்கிறது. திரும்பி வர ஒரு மாதமும் ஆகலாம், நாற்பது நாளும் ஆகலாம். அதனால்தான் எழுதுகிறேன். கரையில் இருப்பவர்கள் இப்போதே வாசியுங்கள். கடலில் இருப்பவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் எடுத்து வையுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குமரி மாவட்டக் கரையில் தூத்தூரில் இருந்து நீரோடி வரை பந்து இல்லாத தெரு கிடையாது, அணி இல்லாத ஊர் கிடையாது. ஆனால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை நடத்தும் பயிற்சி எந்த அணிக்கும் சொந்தமில்லை. அது கோல் கீப்பர்களுக்கு மட்டும். ஒன்பது வயதில் இருந்து பதினாறு வரை இருபத்திரண்டு பிள்ளைகள், அதில் ஐந்து பேர் பெண் பிள்ளைகள். மற்ற நாட்களில் அவரவர் ஊர், அவரவர் அணி. ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் ஒரே மணலுக்கு வந்துவிடுவார்கள். போன மாதம் ஃபைனலில் முறைத்துக்கொண்ட இரண்டு ஊர்களின் கீப்பர்கள் இங்கே ஒருவனுக்கு ஒருவன் பந்து எறிந்து கொடுத்துக்கொண்டிருப்பான்கள். அதைப் பார்க்கவே சில பேர் சுவரில் வந்து உட்காருகிறார்கள்.

கீப்பருக்கு மட்டும் எதற்குத் தனிப் பயிற்சி என்று தொடக்கத்தில் நிறையப் பேர் கேட்டீர்கள். மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையில் இருந்து கிளம்பி ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடர் வரை போனவர். அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரமாக, பந்தோடு ஓட ஆசை. கோலில் நிற்க ஆள் வேண்டும் என்றால் மட்டும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். கடைசியில் ஓட முடியாதவனையோ புதிதாக வந்தவனையோ தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித் தள்ளிவிடப்பட்டவன்தான். பத்து வருடம் நின்றேன். எனக்குப் பயிற்சி என்றால், மற்றவர்கள் அடிப்பார்கள், நான் நிற்பேன், அவ்வளவுதான். எப்படி விழ வேண்டும் என்று ஒருவர் கூடச் சொல்லித் தரவில்லை. என் இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது.

விழுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் மணலில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் சாய வேண்டும். அது பழகியதும் முழங்காலில் இருந்து, அப்புறம் குந்திய நிலையில் இருந்து, கடைசியில்தான் நின்ற இடத்தில் இருந்து. காலின் பக்கவாட்டு, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். முழங்கையை ஊன்றவே கூடாது. இதை மட்டும் நாங்கள் இரண்டு மாதம் செய்தோம். பந்தே தராமல் என்ன பயிற்சி என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இன்றைக்கு அவர்கள் விழுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் வள்ளவிளை பெரியப்பாவுக்கு. கோல் கம்பம் செய்து தந்த வெல்டிங் கடை அண்ணன் கூலியே வாங்கவில்லை, குழாய்க்கு மட்டும்தான் காசு. பெரிய கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். அதில் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தினால் தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சின்னவர்களுக்கு 16 அடிக்கு 7 அடியில் ஒன்று, பெரியவர்களுக்கு முழு அளவில் ஒன்று. கம்பம் வந்துவிட்டது, வலை இல்லை. வீட்டில் கிடக்கும் பழைய மீன் வலையைக் கட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீன் வலையில் பிள்ளைகள் விரல் மாட்டினால் அறுத்துவிடும் என்றார். மறுநாள் தடித்த நூல் உருண்டையோடு வந்தார். அரைச் சாண் கண்ணி, வலை ஊசியில் கோத்துக் கோத்து ஒன்பது சாயங்காலம் உட்கார்ந்து முடித்தார். நான் கம்பத்தோடு விறைப்பாக இழுத்துக் கட்டப் போனேன். அதற்கும் திட்டு. "தொய்வு இல்லாத வலையில மீன் நிக்குமாலே?" என்று கேட்டார். அவர் சொன்னது பந்துக்கும் சரிதான். விறைத்த வலையில் பட்ட பந்து திரும்பி வந்து கீப்பர் முதுகில் அடிக்கும். தொய்ந்த வலையில் அது அப்படியே செத்து விழும்.

அடுத்து, நங்கூரம் தந்த அண்ணன்மாருக்கு. ஜூன் மாதக் காற்று நம் கரையில் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஞாயிறு காலை பெரிய கோல் அப்படியே முன்பக்கமாகக் குப்புற விழுந்தது. பிள்ளைகள் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். இரண்டு நிமிடம் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் புரட்டுகிறது. தரையோடு கட்டாத கோல் கம்பம் விழுந்து உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நாலு செங்கல்லை வைத்துவிட்டு இருந்தேன். அது என் தப்பு. அன்று மத்தியானமே தடைக்காலத்துக்கு வீட்டில் இருந்த அப்பாக்கள் ஆறு பேர் வந்து, பழைய நங்கூரங்களை மணலுக்குள் புதைத்துக் கயிறு போட்டுப் பின்கம்பத்தை இறுக்கினார்கள். அவர்கள் போட்ட முடிச்சை எனக்கு இன்னும் அவிழ்க்கத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

அந்த அப்பாக்கள் அதோடு போகவும் இல்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் வந்து பந்து எறிந்தார்கள். ஒரு கீப்பருக்கு ஒரு மணி நேரத்தில் நூறு பந்தாவது வர வேண்டும். இருபத்திரண்டு பேருக்கு நானும் என் நண்பனும் மட்டும் எங்கே எறிவது? கயிறு இழுத்துப் பழகிய கைகள். எறிந்தால் பந்து நெஞ்சுக்கு நேராக வரும். மகன் பிடிக்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்ப்பது மட்டும்தான் அவர்களுக்கு வரவில்லை. பல்லைக் காட்டிவிடுவார்கள்.

மீன் விற்கும் பாட்டிக்கு ஒரு தனி நன்றி. எங்கள் பிள்ளை ஒருத்திக்குக் கை, கால், கண் எல்லாம் அபாரம். வாய் மட்டும் திறக்காது. உயரப் பந்து வரும்போது கீப்பர் சத்தம் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் சொந்த அணிக்காரியே வந்து மோதுவாள். "கீப்பர்!" என்று ஒரே ஒரு வார்த்தை, அதுவும் முன்கூட்டியே. நான் ஆறு மாதம் சொல்லிப் பார்த்தேன், கொசு மாதிரி ஒரு சத்தம் வரும். பாட்டி ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "மக்களே, சனிக்கிழமை காலைல மீன் ஏலத்துக்கு எங்கூட வா" என்று கூட்டிக்கொண்டு போனார். மூன்று சனிக்கிழமை. ஏலக் கூட்டத்தின் கடைசியில் அவளை நிறுத்தி, முன்னால் நிற்பவருக்கு விலை கேட்க வேண்டும் என்றாராம். இப்போது அவள் கூப்பிட்டால் ரோட்டில் போகிற பஸ் நின்றுவிடும் போலிருக்கிறது.

மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா இரண்டு தடவை வந்து பேசினார். மழை பெய்த நாட்கள் என்பதால் படகுக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டோம். இந்திய அணியின் பழைய கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ் என்ற பெயரையே எங்கள் பிள்ளைகள் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். 1955-லும் 1958-லும் அவருடைய மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி டூரண்ட் கோப்பை என்ற பழைய கால்பந்துக் கோப்பையை வாங்கியது, 1956-லும் 1960-லும் அவர் ஒலிம்பிக்கில் ஆடியது, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு ஃபைனலில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தபோது கோலில் நின்றது என எல்லாம் சொன்னார். பிள்ளைகள் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. தங்கராஜ் முதலில் முன்னால் நின்று கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டாம், அப்புறம்தான் கோலுக்கு வந்தாராம். முன்னால் ஆட ஆசைப்பட்டு, கோலில் நிறுத்தப்பட்டு, ஒரு வருடமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த பையன் ஒருவன் "நிஜமாவா ஐயா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

ரெஃப்ரி அண்ணனுக்கும் நன்றி. 2025 ஜூலை 1 முதல் கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். முன்பு ஆறு விநாடி, மீறினால் மறைமுக ஃப்ரீ கிக் என்று இருந்தது. அதை யாரும் கண்டுகொண்டதில்லை. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்து, மெதுவாக எழுந்து, மணலைத் தட்டி, பூட்ஸ் லேஸைப் பார்க்கும் கலையை டிவி பார்த்தே நம் பிள்ளைகள் கரைத்துக் குடித்திருந்தார்கள். அண்ணன் வந்து கையை உயர்த்தி ஒவ்வொரு விரலாக மடக்கிக் கடைசி ஐந்து விநாடியை எண்ணிக் காட்டினார். எல்லோருக்கும் வேர்த்துவிட்டது.

கிளவுஸ் விஷயம் கொஞ்சம் கசப்பு. நன்கொடைக் காசில் ஒரு கடையில் பன்னிரண்டு ஜோடி வாங்கினோம். மூன்றாவது வாரமே உள்ளங்கை ரப்பர் தோலாக உரிந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால் "விளையாடினா கிழியத்தான் செய்யும்" என்றார்கள். அதைக் கேள்விப்பட்டு வளைகுடாவில் வேலை பார்க்கும் மாமா ஒருவர் ஒரு பெட்டி நிறைய நல்ல கிளவுஸ் அனுப்பினார். எல்லாம் பத்தாம் நம்பர், ஆம்பிளைகள் போடுவது. எங்கள் பிள்ளைகளுக்கு ஐந்தும் ஆறும்தான் சேரும். மாமா, மனம் நோக வேண்டாம். பெரிய பையன் ஒருவனுக்குக் கச்சிதமாக இருக்கிறது. மற்றதை அம்மாக்கள் கழுவி, நிழலில் காயவைத்து, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வளரத்தானே செய்வார்கள்.

இனி எழுதப்போவதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

மே மாதம் பதிமூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் போட்டி, அரையிறுதி, 1-1. கோலில் நின்ற நம் பையன் எதிரணிக்காரனின் காலடிக்குப் பாய்ந்து பந்தை எடுத்தான். எதிரில் வந்தவனின் முழங்கால் காதுக்குப் பின்னால் இடித்தது. எழுந்துவிட்டான். கூட்டம் கைதட்டியது. ஓடிப் போன என்னிடம் "ஸ்கோர் என்ன அண்ணே?" என்றான். சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடி "ஸ்கோர் என்ன அண்ணே?" அப்போதுதான் கயிற்றைத் தாண்டிக்கொண்டு நர்ஸ் அக்கா வந்தார். மகனோடு மேட்ச் பார்க்க வந்திருந்தவர், டூட்டியில் கூட இல்லை. இன்றைக்கு யாரோடு விளையாடுகிறோம் என்று அவனிடம் கேட்டார். அவன் போன வாரம் ஆடிய அணியின் பெயரைச் சொன்னான். "இவன் இன்னைக்கு ஆடக் கூடாது" என்றார் அக்கா. "இன்னும் பத்து நிமிஷம்தான் அக்கா" என்றேன் நான். அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு அடி விழுந்தால் நீ பொறுப்பா என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவனுடைய கிளவுஸின் பட்டையைப் பிரித்து, ஒரு கை, மறு கை என்று தானே கழற்றினார். சுற்றிலும் கூச்சல். பெயர் சொல்லியே திட்டினார்கள். மாற்றுக் கீப்பருக்குப் பதினொரு வயது, அதுதான் முதல் மேட்ச். 3-1 என்று தோற்றோம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, கடவுளுக்கு நன்றி. டாக்டர் சொன்னபடி ஓய்வெடுத்து, முதலில் நடந்து, அப்புறம் ஓடி, ஒரு மாதம் கழித்துத்தான் பந்தைத் தொட்டான். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று திரும்ப இறக்குவதில்லை, ஃபைனலாக இருந்தாலும் சரி, என்பது இப்போது எங்கள் முதல் விதி.

அக்கா, கூட்டத்தோடு சேர்ந்து நான் கத்தவில்லை. ஆனால் மனதுக்குள் திட்டினேன். அது என் முகத்தில் உங்களுக்குத் தெரிந்தும் இருக்கும். அதற்குப் பிறகு இரண்டு தடவை சந்தையில் உங்களைப் பார்த்தும் பேசத் துணிவு வராமல் வேறு பக்கம் போய்விட்டேன். ஊர் முன்னால் அவமானப்பட்டவருக்கு ஊர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதால் இங்கே கேட்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையின் அப்பா அம்மாவுக்கும் நன்றி. அன்று மூன்றாவது கோலுக்கு அப்புறம் அழுதவன் மறு ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான்.

பந்து தந்தவர்கள், கஞ்சி காய்ச்சித் தந்த அன்பியத்து (பங்கின் ஜெபக் குழு) அம்மாக்கள், மைக் செட்டைச் சத்தம் குறைத்து வைத்துத் தந்த பங்குத்தந்தை, கல்லுக்குள் விழும் பந்தை எடுத்துத் தரும் சின்னப் பயல்கள் என்று இன்னும் எத்தனையோ பேர். விட்டுப்போன பெயர்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போங்கள், கூடவே நாலு பந்தும் எறிந்துவிட்டுப் போங்கள். அப்பாக்கள் கடலுக்குப் போய்விட்டதால் ஆள் குறைவாக இருக்கிறது.

பெரியப்பா, கரைக்கு வந்ததும் ஒரு நடை வர வேண்டும். பெரிய கோலில், இடது பக்கம், மேல் மூலையில் இரண்டு கண்ணி விட்டிருக்கிறது. நான் ஊசியை எடுத்தேன், பிள்ளைகள் தொட விடவில்லை.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமைக் கீப்பர்களும் அவர்களுக்குப் பந்து எறிபவனும்