ஓமானின் நிஸ்வா ஊர்க் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அவருக்கு மூட்டு வலி குறைந்து, காலையில் குளக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார்.

போனில் நீ சொன்ன இரண்டு விஷயங்களும் மனதிலேயே நிற்கின்றன. வகுப்பைப் பார்க்க வந்த மேற்பார்வையாளர், மாணவர்களை அரபியில் பேச விடுகிறாய் என்று அறிக்கையில் குறை எழுதியது ஒன்று. எங்களுக்கு ஏன் இங்கிலாந்து ஆசிரியர் இல்லை என்று ஒரு மாணவன் கேட்டது இன்னொன்று. "நான் இந்த வேலைக்குச் சரியான ஆள்தானாம்மா?" என்று கேட்டாய். சரியான ஆள்தான். ஏன் என்று போனில் சொல்லி முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். நம்ம ஊர்க் கல்லூரியில் எல்லாப் பட்ட வகுப்புக்கும் பொதுவான பகுதி இரண்டு ஆங்கிலம் நடத்தியே தலை நரைத்தவள் நான். தாய் என்பதற்காகச் சொல்லவில்லை, இதே வேலையைச் செய்தவள் என்பதால் சொல்கிறேன்.

உன் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று முதலில் நினைத்துப் பார். 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது ஓமான் முழுவதற்கும் இருந்தவை மூன்றே பள்ளிகள். அவற்றில் படித்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை, அத்தனை பேரும் பையன்கள். முதல் பல்கலைக்கழகம் திறந்ததே 1986இல்தான். உன் மாணவர்களின் பாட்டிகளில் எத்தனை பேர் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள்? 1998இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஒன்றாம் வகுப்புக்கே ஆங்கிலம் வந்தது. அதற்கு முன் நான்காம் வகுப்பில்தான். ஆனால் கணக்கும் அறிவியலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரபியில். கல்லூரிக்குள் காலை வைத்ததும் பொறியியலும் கணினியும் ஆங்கிலத்தில். இடையில் பாலம் போட ஒரு ஃபவுண்டேஷன் வருடம். அந்தப் பாலத்தில்தான் நீ நிற்கிறாய்.

இது நமக்குத் தெரியாத கதை இல்லை. முதல் பஸ் பிடித்து வரும் கிராமத்துப் பிள்ளை, தமிழில் இயற்பியல் கேட்டால் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவான். அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அறிவு எங்கும் போய்விடவில்லை, அதைச் சொல்ல வழி அடைபட்டிருக்கிறது. அவனை மந்தம் என்று சொன்ன ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இன்றைக்கும் வருகிறது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பிள்ளைகள் பஸ் போர்டிலும் பேங்க் படிவத்திலும் ஆங்கிலத்தைப் பார்த்தபடியே வளர்கிறார்கள். அங்கே கடையில் இருக்கும் மலையாளியிடமும் வங்காளியிடமும் உன் மாணவன் உடைந்த அரபியில் பேசியே காரியத்தை முடித்துக்கொள்கிறான் என்றாய். கல்லூரி கேட்டைத் தாண்டினால் அவனுக்கு ஆங்கிலம் தேவைப்படாது. ஆகவே வகுப்பில் நீ கொடுக்கும் நேரம்தான் அவனுக்குக் கிடைக்கும் நேரம். அதை வீணாக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. யார் எந்த நாட்டில் பிறந்தார் என்பது அதற்கு அப்புறம்தான்.

அந்த மாணவன் மேல் வருத்தப்படாதே. அவன் கேட்டதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு காமன்வெல்த் மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே சொல்லித்தர வேண்டும், அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்ற எண்ணங்களுக்கெல்லாம் கொள்கை என்ற மதிப்பு அங்கே கிடைத்தது. 1992இல் மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இவை ஆதாரமில்லாத நம்பிக்கைகள் என்று எழுதினார். எழுதி என்ன, வளைகுடா வேலை விளம்பரங்களில் 'நேட்டிவ் ஸ்பீக்கர்', அதாவது ஆங்கிலமே தாய்மொழியானவர், வேண்டும் என்பது இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்தவருக்கு மரபுத்தொடரும் ஒலியும் தானாக வரும். அது பெரிய செல்வம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் தெரியாமல் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த உனக்குத் தெரியும்.

உன் மாணவர்களுடைய பிழைகளையே எடுத்துக்கொள். 'ஹீ டீச்சர்' என்று எழுதுகிறார்கள் என்றாய். அரபியில் 'ஹுவ முதர்ரிஸ்' என்றால் வாக்கியம் முடிந்தது, நிகழ்காலத்துக்கு 'இஸ்' மாதிரி ஒன்று தேவையில்லை. தமிழிலும் 'அவர் ஆசிரியர்' போதும். அவன் ஏன் 'இஸ்'ஸை விடுகிறான் என்று நீ யோசிக்கவே வேண்டியதில்லை, உன் நோட்டிலும் அது விடுபட்டிருந்தது. 'தி புக் விச் ஐ ரெட் இட்' என்று கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் 'இட்' அரபி இலக்கணப்படி சரி. 'தி' விஷயத்தில் மட்டும் நம் பிள்ளைகளும் அவர்களும் எதிரெதிர். நம்மவர்கள் விட்டுவிடுவார்கள். அரபியில் பொதுப் பெயருக்கும் 'அல்' வருவதால் அவர்கள் 'தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்' என்று எழுதுவார்கள். இதைக் கரும்பலகையில் இரண்டு வரியாக, மேலே அரபி, கீழே ஆங்கிலம் என்று ஒரு மாணவனை எழுதச் சொல். விதியை நீ சொல்வதைவிட அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

உச்சரிப்புக்கும் ஒன்று சொல்கிறேன். 'பார்க்கிங்' என்பதன் முதல் ஒலியும் 'பஸ்' என்பதன் முதல் ஒலியும் வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், அரபியிலோ 'பார்க்கிங்' ஒலியே கிடையாது. ஒரு துண்டுத்தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல்லச் சொல். 'பார்க்கிங்' சொன்னால் தாள் துடிக்கும், 'பஸ்' சொன்னால் அவ்வளவு அசையாது. எழுத்துக்கூட்டலில் உயிரெழுத்துகள் காணாமல் போகின்றனவா? அரபியில் குறில்களை எழுதாமலே படித்துப் பழகியவர்கள் அவர்கள். கண் மெய்யெழுத்துகளைத்தான் பிடிக்கும். உயிரெழுத்து மட்டும் மாறும் சொற்களை ஜோடி ஜோடியாகக் கொடு.

இப்போது அந்த அறிக்கைக்கு வருகிறேன். வகுப்பு முழுக்க அரபியில் அரட்டை அடித்தால் குறை சொல்வது நியாயம். ஒரு கட்டுரைக்கு முன்னால் என்ன எழுதலாம் என்று இரண்டு பேர் தங்கள் மொழியில் பேசிக்கொண்டால் அது வேலை. யோசனை தெளிந்த பிறகுதான் அதைச் சொல்ல ஆங்கிலம் தேவைப்படும். தாய்மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்றால் யோசனையும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். போர்க்காலத்தில் அங்கே ஓர் அமெரிக்கப் பாடப்புத்தகத்தை வைத்து நடந்த வகுப்பைக் கூர்ந்து கவனித்தார். 1999இல் வந்த அவர் நூலில் அந்த ஆய்வு இருக்கிறது. மாணவர்கள் வாய் திறந்து எதையும் எதிர்க்கவில்லை. ஆனால் புத்தகத்தின் ஓரங்களில் தமிழ்க் குறிப்புகளும் படங்களும் அரசியல் முழக்கங்களும் நிறைந்திருந்தன. அந்தப் புத்தகத்துக்குத் தெரியாத ஒரு வாழ்க்கையை அவர்கள் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நீயும் உன் மாணவர்களின் புத்தக ஓரங்களைப் பார். அவர்கள் அனுமதியோடு பார். எந்தச் சொல்லுக்கு அரபியில் பொருள் எழுதியிருக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் சலித்துப்போய்க் கோடு கிழித்திருக்கிறார்கள் என்று தெரியும். அதைவிட நல்ல தேர்வுத்தாள் உனக்குக் கிடைக்காது.

சரி, வகுப்பில் என்ன செய்வது? என். எஸ். பிரபு என்ற பெயரை உன் எம்.ஏ. பாடத்தில் படித்திருப்பாய். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், யோசித்துத் தீர்க்க வேண்டிய வேலையைக் கொடுப்பது. ரயில் கால அட்டவணை அதில் ஒன்று. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கைப் பேசித் தீர்ப்பார். அப்புறம் அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகத் தீர்க்க வேண்டும். கவனம் விடையில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்குகிறது என்பது அவர் வாதம். குழுவாக உட்கார்ந்து பேசுவதை அவர் அவ்வளவாக விரும்பவில்லை, ஒருவர் பிழை இன்னொருவருக்கு ஒட்டும் என்று நினைத்தார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஜோடியாகப் பேசினால்தான் பயம் தெளிகிறார்கள், முக்கியமாக வகுப்பு முன்னால் வாய் திறக்கத் தயங்கும் பெண்கள்.

நீ மஸ்கட்–சலாலா பஸ் அட்டவணையில் தொடங்கு. ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் வழி, கணக்குப் போட நிறைய இருக்கிறது. ஆனால் நான் உன்னிடம் கேட்பது அதற்கு அடுத்தது. உன் ஊரிலேயே ஃபலஜ் தாரிஸ் ஓடுகிறது. நிலத்தடி நீரைச் சரிவில் இறக்கி ஊருக்குக் கொண்டுவரும் வாய்க்கால். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்தில் ஒன்று. தண்ணீரை அளவு பார்த்து இல்லை, நேரம் பார்த்துப் பங்கு வைப்பார்களாம். முன்பெல்லாம் பகலில் சூரியக் கடிகாரத்தின் நிழலும் இரவில் நட்சத்திரங்களும்தான் கணக்கு. காவிரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு இதைப் படித்ததும் ஆசையாகிவிட்டது.

பாப்பா, இந்த விஷயம் உனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த மாணவனுக்கும் உற்சாகம் வராது. உனக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேள். வெள்ளி, சனி விடுமுறையில் ஊருக்குப் போய், தாத்தாவிடமோ தண்ணீர்ப் பங்கு பார்க்கும் பெரியவரிடமோ அரபியில் கேட்டு வரட்டும். ஞாயிறன்று படம் வரைந்து உனக்கு ஆங்கிலத்தில் விளக்கட்டும். நீ குறுக்கே குறுக்கே கேள், புரியாததைப் புரியவில்லை என்று சொல். 2008இல் அரசு வகுத்த ஃபவுண்டேஷன் தரவிதியில் ஐந்து நிமிடப் பேச்சும் 500 சொல் அறிக்கையும் கேட்கிறார்கள் இல்லையா, இரண்டும் இதிலேயே வந்துவிடும். ஆவரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில், கல்லூரிப் புத்தகங்களில் அடிக்கடி வரும் 570 ஆங்கிலச் சொற்குடும்பங்கள் உண்டு. அலக்கேட், டிஸ்ட்ரிப்யூட், மெய்ன்டெய்ன், ரிசோர்ஸ் எல்லாம் அதில் இருப்பவை. பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் ஒட்டாது. தண்ணீரைப் பங்கு வைப்பதைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் அவன் தவிக்கும் நேரத்தில் கொடு.

மனப்பாடக் கட்டுரையை இதில் யாரும் கொண்டுவர முடியாது என்பது இன்னொரு நன்மை. கைடு பார்த்து எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளை எவ்வளவு கெடுத்தது என்று உனக்குத் தெரியும்.

திருத்தும்போது எல்லாவற்றையும் சிவப்பாக்காதே. கட்டுரையில் இலக்கணத்தைத் திருத்துவதால் பயனே இல்லை என்று மொழி ஆய்வாளர் ஜான் ட்ரஸ்காட் 1996இல் எழுத, இன்னொரு ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் மறுத்து எழுத, அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. நான் செய்து பார்த்ததில், ஒரு வரைவுக்கு ஒரு வகைப் பிழை என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகள் தாங்குகிறார்கள். முதல் வரைவில் 'இஸ்', அடுத்ததில் 'தி'. முதலில் விஷயத்துக்குப் பதில் எழுது. உங்கள் ஊரில் தண்ணீருக்குச் சண்டை வந்தால் யார் தீர்ப்பார் என்று ஓரத்தில் ஒரு கேள்வி போட்டால் அவன் இரண்டாம் வரைவை ஓடி வந்து தருவான்.

மேற்பார்வையாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதாதே. சண்டையும் வேண்டாம். எந்த வேலைக்கு அரபி, எத்தனை நிமிடம், அதன் முடிவில் ஆங்கிலத்தில் என்ன வரும் என்று பாடத்திட்டத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடு. மாணவர்கள் பேசும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவரை அழை.

மாணவர்கள் எழுதும் அந்தத் தண்ணீர் அறிக்கைகளில் நாலைந்தை, பெயரை மறைத்து, அவர்கள் சம்மதித்தால் எனக்கு அனுப்பு. ஒன்று மட்டும் மறக்காமல் கேட்டுச் சொல்: நடுராத்திரி முறை வந்தவர் தூங்கிப்போனால் அந்தத் தண்ணீர் யாருக்குப் போகும்? நம் பக்கம் அதற்கு அடுத்த நாள் பஞ்சாயத்தே நடக்கும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா