ஆறரையிலிருந்து ஒன்பது வரை எங்களை விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய எச்.ஆர். துறைத் தலைவர் அவர்களுக்கும், மாலை மீட்டிங்குகளைக் காலண்டரில் ஏற்றிவிடும் மேனேஜர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

போன வியாழக்கிழமை நீங்கள் நடத்திய 'மைண்ட்ஃபுல் பேரண்டிங்' வெபினாருக்கு முதலில் நன்றி. பேச வந்த உளவியல் நிபுணர் நன்றாகவே பேசினார். குழந்தை நம்மிடம் வந்து சேரும் மாலை நேரம்தான் அதற்கு நாளிலேயே முக்கியமான நேரம், போனைத் தூர வையுங்கள், லேப்டாப்பை மூடுங்கள், குழந்தையின் முகத்தைப் பாருங்கள் என்றார். அப்போது மணி ஏழே கால். கேமரா ஆனில் இருப்பது கட்டாயம் என்று இன்வைட்டிலேயே போட்டிருந்தீர்கள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் அப்பாக்களும் அம்மாக்களும். பல கட்டங்களில் பின்னால் ஒரு குழந்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் ஃபீட்பேக் படிவம் வந்தது. நேரம் வசதிப்பட்டதா என்பதைத் தவிர மற்றதெல்லாம் கேட்டிருந்தீர்கள். அதோடு அடுத்த வெபினாருக்கான அழைப்பும் வந்தது: 'குழந்தைகளின் நல்ல உறக்கப் பழக்கம்', இரவு எட்டு மணிக்கு.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். வேறென்ன சொல்ல.

நான் கேட்பது ஒன்றுதான். திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு மீட்டிங் போடாதீர்கள். அம்மாக்களுக்கும் போடாதீர்கள், அப்பாக்களுக்கும் போடாதீர்கள். வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒன்பதுக்கு மேல் உட்காரச் சொன்னால் உட்காருகிறோம். இப்போதும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறோம்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. நியூயார்க்கில் காலை ஒன்பது மணிக்கு ஸ்டாண்ட்-அப், அதாவது டீமின் தினசரிச் சின்ன மீட்டிங், என்றால் பெங்களூரில் மாலை ஆறரை. நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அடுத்த நாளிலிருந்து நமக்கு அது ஏழரை. மார்ச் வரை எங்கள் வீட்டில் ரசம் சாதம் எத்தனை மணிக்கு என்பதை அமெரிக்காவின் வெயில்தான் முடிவு செய்கிறது. நம் டெக் பார்க்கில் உள்ள குழந்தைகள் காப்பகமான கிரெஷ்ஷும் ஆறரைக்கு மூடுகிறது. ஒன்று மூடும் நேரத்தில் இன்னொன்று திறப்பது யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது. பாதி நாள் பெல்லந்தூர் டிராஃபிக்கில், டாக்ஸியின் பின்சீட்டில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே மீட்டிங்கில் சேர்கிறேன்.

என் மகளுக்கு மூன்று வயது. நீங்கள் கொடுத்த ஹெட்செட்டில், மீட்டிங் நடக்கும்போது காதோரம் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பக்கத்து சீட்டுக்காரர்கள் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக வைத்தது. அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். டே கேரில் நடந்த எதையோ சொல்ல ஓடி வருவாள். கதவருகே நின்று என் காதைப் பார்ப்பாள். சிவப்பு தெரிந்தால் வாயைத் திறக்காமல் திரும்பிவிடுவாள். அழுகை கிடையாது, அடம் கிடையாது. மீட்டிங் முடிந்து நான் போய், "என்னடி தங்கம், என்னமோ சொல்ல வந்தியே?" என்றால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். இந்த வயதுக்குள் ஒண்ணுமில்ல என்று சொல்லத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா பாட்டு கேட்க அதே ஹெட்செட்டை மாட்டியிருந்தார். விளக்குகூட எரியவில்லை. அவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"உங்க பொண்ணு ரொம்ப சமத்து, மீட்டிங்ல சத்தமே வர்றதில்ல" என்று டீமில் பாராட்டுகிறார்கள். அந்தச் சமத்துதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் செய்த ஒரு சோதனை இந்தத் துறையில் பிரபலம். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொல்லிவைத்தபடி சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். ஒன்றும் பலிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மியூட்டில் உட்கார்ந்து கிளையன்ட் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் முகம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அதே ட்ரானிக் ஆறுதலாகவும் ஒன்று சொல்லியிருக்கிறார். எந்தத் தாயும் எல்லா நேரமும் குழந்தைக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருப்பதில்லை. அப்படி இருக்க வேண்டியதும் இல்லை. நடுவில் விட்டுப்போவது சகஜம். விட்டுப்போனதை அம்மா மறுபடி சரிசெய்கிறாள் என்று பார்த்துப் பார்த்துத்தான் குழந்தைக்கு நம்பிக்கை வருகிறது. ஆகவே பகலெல்லாம் மகள் டே கேரில் இருப்பது எனக்குக் குறையே இல்லை. அங்கே இருக்கும் ஆயாம்மா தங்கமானவர். வேலைக்குப் போகிற தாய் என்று யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம். பகலில் விட்டதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாலை வேண்டும், அவ்வளவுதான். அந்த மாலையை எடுத்துக்கொண்டு, அதை எப்படிச் செலவழிப்பது என்று எனக்கே வகுப்பும் எடுக்கிறீர்கள்.

சரி, நான் மீட்டிங்கில் இருக்கும்போது அவள் என்ன செய்வாள்? போன்தான். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. 'இன்னும் அஞ்சே நிமிஷம்' என்று நீளும் ஒரு மீட்டிங்கிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. ரைம்ஸ் பார்த்தால் பேச்சு வரும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பாட்ரிஷியா குல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2003-இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். எதிரே ஆள் உட்கார்ந்து பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதையே டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை.

ஊரிலிருந்து பெரியவர்களை வரவழைத்துக்கொள்ளலாமே என்று போன முறை நீங்களே கேட்டீர்கள். வரவழைக்காமலா இருக்கிறோம்? ஜோலார்பேட்டை வழியாக ரயில் வரும் நேரத்தில் பெங்களூர் கே.ஆர்.புரம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். பருப்புப்பொடி டப்பாவும் பிரஷர் மாத்திரையுமாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். என் அம்மா மூன்று மாதம், மாமியார் மூன்று மாதம். அம்மா இங்கே பேத்தியைப் பார்த்துக்கொள்ளும்போது அப்பா ஊரில் தானே பொங்கித் தின்கிறார். நம் கம்பெனியின் ஹெட்கவுன்ட்டில் வராத, சம்பளம் வாங்காத ஆட்கள் இவர்கள். ஒரு ஐ.டி. கார்டாவது கொடுங்கள். பாட்டியிடம் கதை கேட்டு வளர்வது பிள்ளைக்குப் பெரிய பாக்கியம், மறுக்கவில்லை. ஆனால் பாட்டி பாட்டியாக இருக்கட்டும். அம்மாவின் ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

சட்டம் என்னவோ இருக்கிறது. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோதே 26 வாரச் சம்பள விடுப்பு வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிரெஷ் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்று வந்தது. என் காலண்டரில் நான்கு முறை தண்ணீர் குடிக்க இடமில்லை. அப்பாக்கள் பாடு இன்னும் மோசம். மத்திய அரசு ஊழியருக்காவது 15 நாள் உண்டு, தனியாரில் சட்டப்படி ஒன்றும் கிடையாது. நீங்கள் பெரிய மனது பண்ணிக் கொடுத்த ஐந்து நாளில் சனியும் ஞாயிறும் அடக்கம்.

யாரைச் சொல்லி என்ன? 2023-இல் நம் ஊர் ஐ.டி. பிதாமகர் ஒருவர் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் வேறொரு பெரிய கம்பெனித் தலைவரின் பேச்சு வெளியே வந்தது. அவர் 90 என்று ஏலத்தை ஏற்றி, வீட்டில் மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டிருந்தார். குழந்தையின் முகம் அவர் கணக்கிலேயே இல்லை. வேலை நேரம் முடிந்த பிறகு ஆபீஸ் தொடர்பைத் துண்டித்துக்கொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு என்று பிரான்சில் 2017-இலும் ஆஸ்திரேலியாவில் 2024-இலும் சட்டமே வந்துவிட்டது. இங்கே அதையெல்லாம் கேட்டால் சிரிப்பீர்கள்.

பொறுத்துக்கொள்ளுங்கள், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. ஆறரையிலிருந்து ஒன்பது வரை மீட்டிங் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

முடியாத காரியமும் இல்லை. நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் டவுன்ஹால், ரிவ்யூ, அப்ரைசல் பேச்சு எதற்கும் அமெரிக்காவின் விடியல் தேவையில்லை, பகலிலேயே முடிக்கலாம். கிளையன்ட் மீட்டிங்கை ஒன்பதுக்குத் தள்ளினால் நியூயார்க்கில் காலை பதினொன்றரை, கலிஃபோர்னியாவில் எட்டரை. குளிர்காலத்தில் அதிலும் ஒரு மணி நேரம் முன்னால். அங்கே யாரும் பாதித் தூக்கத்தில் எழுந்து வர வேண்டியதில்லை. தள்ளவே முடியாத மீட்டிங் என்றால் டீமில் முறை போட்டுக்கொள்கிறோம்.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 'தேவைப்படுபவர்கள் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்று மெயில் போட்டுவிட்டுக் கை கழுவாதீர்கள். கேட்கிறவளுக்கு அப்ரைசலில் 'கமிட்மென்ட் போதாது' என்று எழுதுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்கிற அப்பாவுக்கோ கேலிதான் கிடைக்கும். எல்லோர் காலண்டரிலும் அந்த இரண்டரை மணி நேரத்தை நிர்வாகமே பூட்டிவைக்கட்டும். நவம்பரில் அங்கே கடிகாரம் மாறுவதற்குள் இதைச் செய்து கொடுத்தால் மிகவும் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
பெல்லந்தூர் அலுவலகத்திலிருந்து
உங்கள் ஊழியர்களில் ஒருத்தி